தண்ணீர் இல்லாத பள்ளிக்கூடம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் இருந்தது. பிரம்பு கிடையாது என்பதற்காகச் சிலர் சேர்த்தார்கள். எதைப் படிப்பது, எப்போது படிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யும் என்ற பேச்சில் மயங்கிச் சிலர் சேர்த்தார்கள். வேறு எந்தப் பள்ளிக்கூடமும் வைத்துக்கொள்ளாத பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்து வந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவர்களும் உண்டு. அருப்புக்கோட்டைப் புண்ணாக்குக்கடை தனுஷ்கோடியின் மனைவி சௌந்தரம் தன் ஒரே மகனை அங்கே சேர்த்ததற்கு வேறொரு காரணம். அங்கே தண்ணீர் இல்லை.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வரவில்லை.

சௌந்தரம் மல்லாங்கிணற்றில் பிறந்தவள். கல்யாணமாகி வெகுகாலம் வயிறு திறக்கவில்லை. ஊரார் வாயில் விழுந்து எழுந்து, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு பிறந்தான் பையன். பிறந்த மூன்றாம் மாதம் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரியாபட்டி ஜோசியரிடம் போனாள். அவர் கட்டங்களைப் பார்த்தார், விரலை மடக்கினார், நீட்டினார்.

"தண்ணியில ஒரு கண்டம் இருக்கும்மா. பன்னெண்டு வயசு முடியுற வரைக்கும் பையனைத் தண்ணிப் பக்கமே விடாதீக. அதைத் தாண்டிட்டா ராசா மாதிரி இருப்பான்."

சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவருக்கு அன்றைய வேலை முடிந்தது. சௌந்தரத்துக்கு அன்றுதான் ஆரம்பித்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. கூட வந்த அம்மாவும் அடுத்த வருஷமே கண்ணை மூடிவிட்டாள். அதற்குப் பிறகு ஜோசியர் சொன்ன சொல்லைச் சுமப்பதற்கு உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம். சுனைக்குக் காவல் இருக்கும் அய்யனாரை வேண்டிக்கொண்டு பையனுக்கு அருஞ்சுனை என்று பேர் வைத்தாள். தண்ணீரைக் காக்கிற சாமியின் பேர் இருந்தால் தண்ணீர் கொஞ்சம் யோசிக்கும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

பிறகு அவள் பிழைத்த பிழைப்பு இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். பையனைச் செம்பில் மொண்டு ஊற்றித்தான் குளிப்பாட்டுவாள். அண்டாவில் தண்ணீர் இருந்தால் மேலே மூடி, மூடிக்கு மேலே அம்மிக்குழவி. மழை பெய்தால் கதவுக்குத் தாழ்ப்பாள். வீரசோழன் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், கண்மாய் நிறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, தாலி கட்டுவதற்கு முன்பே பையனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். பெண்வீட்டார் அந்தக் கோபத்தில் வருஷக்கணக்காகப் பேசவில்லை.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்தபோதுதான் அவளுக்குக் கைகால் ஓடவில்லை. தெருவுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் தெப்பக்குளம் இருந்தது. சேர்த்த சில மாதத்தில் ஒருநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனவள் வகுப்பில் பையனைக் காணாமல் பின்பக்கம் ஓடினாள். தெப்பத்துப் படியில் உட்கார்ந்து, மற்றவர்கள் குதித்து நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் கட்டைவிரல் நுனி தண்ணீரில் பட்டும் படாமலும் இருந்தது. தூக்குவாளியைப் போட்டுவிட்டு, தெருவெல்லாம் அடித்துக்கொண்டே அவனை வீட்டுக்கு இழுத்து வந்தாள். எதற்கு அடி என்று அவனுக்குத் தெரியவில்லை. அடித்தவளும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் காசிராஜன் கடைக்குப் புண்ணாக்கு வாங்க வந்தார். எங்கெங்கோ படித்துவிட்டு, திருச்சுழி ரோட்டில் தன் அப்பாவின் மேட்டுக்காட்டில் கொட்டகை போட்டுப் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். மனைவி கோகிலாம்பாளும் அங்கே டீச்சர். சாக்கு தைக்கும்வரை அவர் தனுஷ்கோடியிடம் பேசிக்கொண்டிருந்தார். தன் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் உண்டு, ஆறு வயதுப் பிள்ளைக்கும் ஒரு கை, தனக்கும் ஒரு கை, பெரும்பான்மை எதுவோ அதுதான் சட்டம் என்றார். வாடிக்கைக்காரர் என்பதால் தனுஷ்கோடி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற சௌந்தரத்தின் காதில் இதில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் அவர் அலுத்துக்கொண்டு சொன்னதுதான் ஏறியது.

"எல்லாம் இருக்கு அண்ணாச்சி, தண்ணிதான் இல்ல. பத்து மைல் சுத்துவட்டாரத்துல ஒரு ஊருணி கெடையாது. குடிக்கக்கூட வண்டியிலதான் வரணும்."

வெந்நீர் காலில் கொட்டினாற்போல் வெளியே வந்தாள் சௌந்தரம். "அண்ணாச்சி, எம் மகனைச் சேத்துக்கிருவீகளா?"

தனுஷ்கோடி வாயைப் பிளந்தார். அவள் அவரிடம் வாய்திறந்து எதுவும் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. ஒரு வருஷம் விட்டுப்பார்ப்போம், பிறகு இழுத்துக்கொள்ளலாம் என்று அவர் மனதுக்குள் ஒரு தள்ளுபடி போட்டுக்கொண்டு சரி என்றார்.

சேர்க்கப் போன அன்று அவள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கவில்லை, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். கரிசல் வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை உடைமரம். கொட்டகை ஓரத்தில் ஒரு பீப்பாய், அதற்குப் பூட்டு. கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிணறு இருப்பதைப் பார்த்ததும் பையனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அது தூந்துபோன கெணறு. எங்க மாமனார் காலத்துலயே வத்திப்போச்சு" என்றார் கோகிலாம்பாள். சௌந்தரம் நம்பாமல் ஒரு கல்லை எடுத்துப் போட்டுக் காதைக் கொடுத்தாள். கல்லில் கல் விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் மூச்சு வந்தது.

"சேக்குறது உங்க கையில இல்லம்மா" என்றார் காசிராஜன். "பையன் ஒரு வாரம் இருந்து பாக்கட்டும். இருக்கேன்னு அவன் சொன்னாத்தான் சேத்துக்கிருவோம்."

பிள்ளையிடம் உத்தரவு கேட்கிற பள்ளிக்கூடமா என்று அவள் திகைத்தாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மறுபடியும் தெப்பத்துப் பள்ளிக்கூடம்தான். ஆனால் பையன் அந்த வெட்டவெளியைப் பார்த்ததும் ஓட ஆரம்பித்தான். போகாதே, தொடாதே, எட்டிப் பார்க்காதே என்று யாரும் கத்தவில்லை என்பது தெரிந்ததும் இன்னும் ஓடினான். ஒரு வாரம் கழித்துக் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் "இருக்கேன்" என்றான்.

அங்கேயே தங்கிச் சாப்பிட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் வீட்டுக்கு வருவான். முதல் தடவையாகச் சௌந்தரம் அண்டாவைத் திறந்து வைத்தாள்.

ஆனால் ஒரு பயம் போனால் அடுத்த பயம் வரிசையில் நின்றது. பையன் படிக்கவில்லை. பாட வேளையில் உட்காரவேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை, அவன் உட்காரவும் இல்லை. ஆடு பத்தினான், கொட்டகைக்குக் கீற்று முடைந்தான், மண்ணில் பொம்மை செய்தான். ஒன்பது வயதாகியும் சொந்தக் கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியவில்லை. நாத்தனார் ராமலட்சுமி வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு பிடித்துக்கொண்டாள்.

"ஆடு மேய்க்கத்தான் அம்புட்டுத் தூரம் அனுப்பிவச்சியாக்கும்? அங்க யாரு பிள்ளையோட யாரு பிள்ளை ஒக்காந்து ஒண்ணாச் சாப்பிடுதுன்னு தெரியுமா ஒனக்கு?"

வேறு நாளாக இருந்தால் அந்தக் கேள்விக்குச் சௌந்தரமும் நடுங்கியிருப்பாள். அவளும் அந்தத் தெருவில் வாழ்கிறவள்தான். ஆனால் அவள் மனதில் வேறு பயத்துக்கு இடமில்லை. புருஷன் பையனை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவாரோ என்பது ஒன்றே உள்ளே முழுக்க உட்கார்ந்திருந்தது. அதனால் காசிராஜன் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்ததை எடுத்து விட்டாள்.

"கட்டாயப்படுத்துனா படிப்பு ஒட்டாது மதினி. அவனா வேணும்னு நெனைக்கிறப்பப் படிப்பான். பிள்ளைக்கும் புத்தி இருக்கு, அதை நாம நம்பணும்."

காசிராஜனே இவ்வளவு ஆணித்தரமாகச் சொல்லியிருக்க மாட்டார். தனுஷ்கோடி அசந்துபோனார். சொல்லி முடித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பவில்லை. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்பதற்காக அவன் படிப்பைக் காவு கொடுக்கிறோமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இப்படியே ஓடி, எழுபதாம் வருஷம் கோடையில் ஒரு சனிக்கிழமை, பையன் நகக்கண்ணெல்லாம் சேறு காய்ந்து வந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அம்மா, நாங்க கெணறு தூர் வாருறோம். தண்ணி வண்டி மாடு செத்துப்போச்சுல்ல? அதான் கூட்டத்துல பேசுனோம். அந்தப் பழைய கெணத்தத் தோண்டலாம்னு நான்தாம்மா சொன்னேன். எல்லாரும் கை தூக்கிட்டாக. காசிராஜன் அண்ணாச்சியும் தூக்குனாரு."

சௌந்தரத்தின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. எந்தக் காடு வறண்டு கிடக்கிறது என்று தேடிக்கொண்டுபோய் விட்டாளோ, அந்தக் காட்டில் அவள் பிள்ளையே தண்ணீரைத் தேடித் தோண்டுகிறான்.

மறுநாளே அவனோடு பஸ் ஏறிப் போய்க் காசிராஜன் முன்னால் நின்றாள். "கெணறு வேண்டாம்னு சொல்லிருங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா கேப்பாக."

"எனக்கும் ஒரு கைதாம்மா" என்றார் அவர். "நான் வேண்டாம்னு சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை வந்து கூட்டத்துல நீங்களே சொல்லுங்க. எதுக்கு வேண்டாம்ங்கிறீக?"

எதற்கு என்பதைத்தான் அவளால் சொல்ல முடியாது. அப்படியே திரும்பி வந்துவிட்டாள். பெரியவருக்கே அதிகாரம் இல்லாத இடத்தில் பிள்ளையை விட்டிருக்கிறோம் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. பையனை நிறுத்திக் கூட்டிவந்துவிடலாமா என்றால், வீட்டுக்கு வந்தால் தெப்பம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். ஆனாலும் அந்த மேட்டுக்காட்டில் மழை எங்கே பெய்யப்போகிறது, கிணறு வெறும் பள்ளமாகத்தான் கிடக்கும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கிடக்கத்தான் செய்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றியது. பிள்ளைகள் விடாமல் அடுத்த கோடையிலும் தோண்டினார்கள்.

எழுபத்தொன்றில் மழை வேண்டித் தெருப் பெண்கள் மழைச்சோறு எடுத்தார்கள். வீடு வீடாகப் பானையோடு போய் உப்பில்லாச் சோறு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, நடுத்தெருவில் உட்கார்ந்து, இப்படிப் பிச்சையெடுக்க விட்டுவிட்டாயே என்று வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். சௌந்தரமும் ஒரு பிடி சோறு போட்டாள். கூட உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் உள்ளுக்குள் அவள் வேண்டிக்கொண்டது, பெய்யாதே, இன்னும் ஒரு வருஷத்துக்குப் பெய்யாதே என்றுதான். காடு கரையெல்லாம் காய்ந்து ஆடுமாடு சாகிற காலத்தில் அப்படி வேண்டுவது எவ்வளவு பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சோற்றை வாயில் வைத்தபோது அது இறங்கவே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஊரே தெருவில் இறங்கி நனைந்தது. சௌந்தரம் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வேண்டுதல் தெய்வத்துக்குத் தெரிந்துவிட்டது, அதற்குத்தான் இந்த மழை என்று முடங்கிக் கிடந்தாள்.

சனிக்கிழமை பையன் வந்தான். கிணறு நிறைந்துவிட்டது என்றான். சந்தனம் என்கிற பிள்ளை எல்லோருக்கும் நீச்சல் கற்றுத்தரப் போகிறது, தானும் பேர் கொடுத்திருக்கிறேன் என்றான். அவனுக்குப் பன்னிரண்டாம் வயது நடந்துகொண்டிருந்தது.

இப்போது அவளுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கூட்டத்தில் கிணற்றை மூட வைக்கவேண்டும். கூட்டம் என்றால் எப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் தெருவில் சாதிக்காரர்களின் உறவின்முறைக் கூட்டம் நடக்கும்போது பெண்கள் யாரும் அங்கே போகமுடியாது. ஆனால் கூட்டத்துக்கு முந்தியே வீட்டு வாசல்களில் என்ன நடக்கும் என்பதைப் பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். காரியம் ஆகவேண்டியவர் வெற்றிலைத் தட்டோடு வீடு வீடாகப் போய்ப் பேசி முடித்துவிடுவார். ஜமுக்காளத்தில் உட்காரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை காலையில் சௌந்தரம் ஒரு பெரிய பை நிறையக் கருப்பட்டி மிட்டாயும் சேவும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

போய் இறங்கி, ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே கூப்பிட்டாள். மடியில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். "கெணத்த மூடணுமான்னு கேக்கையில நீ கையத் தூக்கணும், என்ன? எங் கண்ணுல்ல?" சின்னதுகள் தலையை ஆட்டின. பெரியதுகள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போயின. காரியம் முடிந்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கூட்டம் கொட்டகையில் கூடியது. அந்த வாரம் கூட்டத்தை நடத்துகிற முறை சந்தனத்துக்கு. பக்கத்து ஊரில் கூலிவேலை செய்யும் கோட்டைச்சாமியின் மகள், பன்னிரண்டு பதின்மூன்று வயதிருக்கும், ஒடிசலாக இருப்பாள். காசிராஜனும் கோகிலாம்பாளும் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சௌந்தரத்தையும் உட்காரச் சொன்னார்கள். பேசலாம், அவளுக்கும் ஒரு கை உண்டு என்றார்கள்.

அவள் பேச எழுவதற்குள் ஆறு வயதுப் பயல் ஒருவன் எழுந்துவிட்டான். "அருஞ்சுனை அம்மா எனக்கு மிட்டாய் குடுத்துக் கையத் தூக்கச் சொன்னாக. நான் மிட்டாயத் தின்னுட்டேன். இப்பத் தூக்கணுமா வேண்டாமா?"

"எனக்கும் குடுத்தாக." "எனக்குச் சேவு."

கொட்டகையே சிரித்தது. அருஞ்சுனை மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். சௌந்தரத்துக்கு முகம் தீயாய் எரிந்தது. அந்த மண் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. சந்தனம் சிரிக்கவில்லை. "மிட்டாய் மிட்டாய்தான், கை கைதான். ஒன் இஷ்டம்போலத் தூக்கு" என்று பயலை உட்கார வைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினாள். "கெணத்த ஏம்மா மூடணும்? எங்களுக்குப் புரியிற மாதிரிச் சொல்லுங்க."

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. புருஷன் கேட்டதில்லை, நாத்தனார் கேட்டதில்லை. கொட்டகை அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் பலித்துவிடும். சொல்லாவிட்டால் கிணறு அப்படியே இருக்கும். பதினொரு வருஷமாகப் பல்லுக்குள் வைத்திருந்ததை அவள் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னாள். ஜோசியர் சொன்னது, அம்மிக்குழவி, தெப்பத்துப் படி, மழைச்சோற்றில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். "எம் பிள்ள செத்துப்போயிருவானோன்னு எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லி முடிக்கும்போது முந்தானை நனைந்திருந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அருஞ்சுனை எழுந்தான். "அதுக்காம்மா அன்னைக்கு அடிச்சே?" என்றான். பிறகு மெதுவாக, "எனக்குத் தண்ணியப் பாத்தாலே ஒடம்பு நடுங்கும்மா. ஏன்னே தெரியாது. அதான் நீச்சலுக்குப் பேர் குடுத்தேன்" என்றான்.

கிணற்றை மூடலாமா என்று கேட்டாள் சந்தனம். சௌந்தரம் கையைத் தூக்கினாள். மிட்டாய் தின்ற இரண்டு மூன்று குட்டிக் கைகள் நன்றி மறக்காமல் உயர்ந்தன. மற்றவை உயரவில்லை. அவள் தோற்றுப்போனாள்.

"அப்ப இன்னொண்ணு" என்றாள் சந்தனம். "நாங்க பழகுறப்ப இடுப்புல கயித்தக் கட்டி ஒருத்தர் மேல நின்னு பிடிச்சுக்கிருவோம். அருஞ்சுனைக்குப் பிடிக்கிறவுக வேற யாரும் வேண்டாம். அவுக அம்மாவே பிடிக்கட்டும். பயப்படுற ஆளுதான் கயித்த விடமாட்டாக."

அதற்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. சௌந்தரத்தின் கை மட்டும் மடியில் கிடந்தது.

அன்றைக்கே பையனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ரோடு வரைக்கும் அவள் வந்தும்விட்டாள். அங்கே நின்று யோசித்தாள். எங்கே கொண்டுபோனாலும் ஒரு தண்ணீர் இருக்கும். அங்கெல்லாம் அவளிடம் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை, கையில் கயிறும் கொடுக்கப்போவதில்லை. பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அவள் பையனோடு பள்ளிக்கூடத்துக்கே திரும்பி நடந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளையை உள்ளபடிக்குச் சேர்த்தது அன்றுதான்.

அவனை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தனுஷ்கோடி கணக்கு நோட்டை மூடி வைத்தார். "இம்புட்டையும் நீ ஒருத்தியாவா சொமந்துக்கிட்டுத் திரிஞ்ச?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் கடையிலிருந்து புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து, இழுத்து இழுத்துப் பார்த்து அவளிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கிணற்றுமேட்டில் சௌந்தரம் நின்றாள். கயிற்றின் ஒரு முனை பையன் இடுப்பில், மறுமுனை அவள் கையில் சுற்றியிருக்கும். அவன் உள்படியில் இறங்கும்போது அவளுக்குக் கண் இருண்டுகொண்டு வரும். தலை ஒரு நொடி உள்ளே போனால் வாளியை இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுத்துவிடுவாள். "அம்மா, வயிறு அறுபடுது, விடும்மா" என்று அவன் கத்துவான். பிள்ளைகள் சிரிக்கும். கையில் கயிறு அறுத்த தழும்பு விழுந்து, ராமலட்சுமி அது என்னவென்று கேட்டபோது, நானும் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போறேன் மதினி என்றாள். பையன் எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். எப்படி என்று கேட்டால் தெரியாது. அவனுக்கே தோன்றியிருக்கிறது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கூட்டத்தைக் கிணற்றுமேட்டிலேயே வைத்தார்கள். அருஞ்சுனைக்குக் கயிறு இன்னும் வேண்டுமா என்பது பேச்சு. அவனுக்குப் பன்னிரண்டு முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதைச் சொல்லலாம் என்று சௌந்தரம் வாயெடுத்தாள். எல்லோருக்கும் அது தெரியும் என்பது ஞாபகம் வந்து பேசாமல் நின்றாள்.

பையன் நடுத்தண்ணீரில் கால்களை அடித்துக்கொண்டு நின்றான். "வேண்டாம்ங்கிறவுக கையத் தூக்குங்க" என்றாள் சந்தனம். மேட்டில் இருந்த கைகளெல்லாம் உயர்ந்தன. காசிராஜன் தூக்கினார், கோகிலாம்பாள் தூக்கினார். தண்ணீருக்குள்ளிருந்து அருஞ்சுனையும் ஒரு கையைத் தூக்கினான். "கயிறு பிடிக்கிறவுக சரின்னு சொல்லாம கழட்ட மாட்டோம்மா" என்றாள் சந்தனம். எல்லோரும் சௌந்தரத்தைப் பார்த்தார்கள். பையன் மட்டும் பார்க்கவில்லை, நீந்துவதிலேயே குறியாக இருந்தான்.

அவளுடைய இரண்டு கைகளும் கயிற்றில் இருந்தன. தூக்கவேண்டும் என்றால் விடவேண்டும். ஜோசியர் வெற்றிலை மென்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. பயம் கொஞ்சமும் குறையவில்லை. அது குறைந்த பிறகு தூக்கலாம் என்றால் இந்த ஜென்மத்தில் தூக்கமுடியாது என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. முதலில் இடது கையைப் பிரித்தாள். பிறகு வலது கையில் சுற்றியிருந்த சுற்றுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கயிறு கிணற்றுச் சுவரில் உரசிக்கொண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

அவள் கையைத் தூக்கினாள். கண்ணை மூடவில்லை. பையன் கயிற்றை வாலாக இழுத்துக்கொண்டு எதிர்ப்படி வரைக்கும் போய்த் தொட்டான், திரும்பினான், மறுபடியும் போனான். சந்தனம் எண்ணி முடித்து, முடிவைச் சொல்லி, பிள்ளைகள் கைகளை இறக்கிக் கலைந்த பிறகும் அவள் கை அப்படியே நின்றது.

"எறக்குங்கம்மா" என்றாள் சந்தனம், பக்கத்தில் வந்து. "எண்ணியாச்சு."

"அவன் மேல வரட்டும் தாயி" என்றாள் சௌந்தரம்.